அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி மீன் தொட்டி கலங்குது, மூணு தடவை மாத்தியும் தெளியல. உதவி வேணும்

மடிப்பாக்கம் அம்மா:
பையன் பிறந்தநாளுக்கு ஒன்றரை அடி தொட்டி வாங்கிக் கொடுத்து இன்னையோட பன்னிரண்டு நாள். முப்பது லிட்டர் பிடிக்கும். நாலு கோல்டு ஃபிஷ், நாலு மோலி. மூணாம் நாள்ல இருந்து தண்ணி அரிசி களைஞ்ச மாதிரி வெள்ளையாக் கலங்குது. தொட்டிக்குப் பின்னால சுவத்துல தினசரி காலண்டர் தொங்குது. கண்ணாடி வழியாப் பார்த்தா பெரிய எழுத்துல இருக்கிற தேதிகூடத் தெரியல. இதுவரைக்கும் மூணு தடவை மொத்தத் தண்ணியையும் இறைச்சு, கல்லைக் கழுவி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில அலசிப் போட்டாச்சு. ஒரு நாள் தெளிவா இருக்கு, மறுநாள் பழையபடி. நேத்து காலையில ஒரு மோலி செத்து மிதந்துச்சு. பையன் ராத்திரி சாப்பிடவே இல்ல. மிச்சத்தையாவது காப்பாத்தணும். மாமியார் படிகாரம் போடச் சொல்றாங்க. கடையில ஒரு நீல மருந்து கொடுத்திருக்காங்க, இன்னும் ஊத்தல.

அம்பத்தூர்:
ரெண்டையும் ஊத்தாதீங்க சகோதரி. படிகாரம் குடத்துத் தண்ணியில மண்ணைப் படிய வைக்கும், சரிதான். ஆனா பிஹெச்சை, அதாவது தண்ணியோட அமில-கார அளவை இறக்கிடும், மீன் செவுளுக்கும் ஆகாது. நீல மருந்து மெத்திலீன் ப்ளூவா இருந்தா, ஃபில்டர்ல உருவாகிற நல்ல பாக்டீரியாவைத்தான் முதல்ல கொல்லும்.
ஒரு கண்ணாடி டம்ளர்ல தொட்டித் தண்ணியை எடுத்து ராத்திரி முழுக்க அசைக்காம வையுங்க. காலையில அடியில படிஞ்சிருந்தா கல்லுத் தூசி. பச்சையா இருந்தா பாசி, வெயில் விழுதுன்னு அர்த்தம். படியாம வெள்ளையாவே நின்னா பாக்டீரியா. அப்புறம், எந்தத் தண்ணி ஊத்துறீங்க? தீனி எத்தனை வேளை?

மடிப்பாக்கம் அம்மா:
வெச்சுப் பார்த்தேன். படியவே இல்ல, அப்படியே வெள்ளையா நிக்குது. வெயில் விழற இடம் இல்ல. லாரித் தண்ணிதான். சம்ப்ல இறக்கின அன்னைக்கு பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும். தீனி மூணு வேளை, பையன் ஸ்கூல் விட்டு வந்ததும் இன்னொரு பிடி. மீனெல்லாம் காலையில மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. பசிக்குதுன்னு நினைச்சோம்.

கொளத்தூர் மீன் பண்ணை:
அம்மா, அது பசி இல்ல, மூச்சு முட்டுது. இன்னைக்கு, நாளைக்கு ரெண்டு நாளும் தீனியே வேண்டாம். ஃபில்டர் வாய் தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல நிக்கட்டும், தண்ணி சலசலன்னு விழணும். நம்ம ஊர்ச் சூட்டுக்குத் தண்ணியில ஆக்ஸிஜன் ஏற்கனவே குறைவு. அதுலயும் ஒரு பங்கை இந்த பாக்டீரியா இழுத்துக்குது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மிஞ்சின தீனியும் மீன் கழிவும் கரைஞ்ச புதுத் தண்ணியில இந்த வெள்ளை பாக்டீரியா பெருகத்தான் செய்யும். பார்க்க அசிங்கமா இருக்குமே தவிர மீனுக்கு எமன் வேற, அது கண்ணுக்குத் தெரியாத அமோனியா. மீன் செவுள் வழியா அதை நாள் முழுக்க வெளியே விட்டுக்கிட்டே இருக்கு. அதை நைட்ரைட்டா மாத்த ஒரு வகை பாக்டீரியா, நைட்ரைட்டை அவ்வளவா கெடுதல் இல்லாத நைட்ரேட்டா மாத்த இன்னொரு வகை. ரெண்டும் ஸ்பாஞ்ச்லயும் கல்லுலயும் ஒட்டிக்கிட்டு மெதுவா வளரும். நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். நீங்க பாவம், நல்லதுன்னு நினைச்சு ஒவ்வொரு தடவையும் முளை விட்டதைக் குளோரின் தண்ணியில அலசிக் கொன்னுட்டீங்க. அதான் மூணு தடவையும் முதல்ல இருந்து ஆரம்பிக்குது.

இன்னொண்ணு. லாரித் தண்ணி போர் தண்ணியா இருந்தா, பிஹெச் 8-க்குப் பக்கத்துல நிக்கலாம். 7-ல இருக்கிற தண்ணியைவிட 8-ல அமோனியாவோட விஷப் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு. கோல்டு ஃபிஷ் கழிக்கிற கழிவுக்கு முப்பது லிட்டர் எந்த மூலைக்கு? நாலையும் பெரிய தொட்டி இருக்கிறவங்ககிட்ட கொடுத்துடுங்க. மோலிக்குக் கடினத் தண்ணி பிடிக்கும், அது இருக்கட்டும்.

தினமும் ஏழு லிட்டர் மட்டும் மாத்துங்க. முதல் நாளே பக்கெட்ல பிடிச்சு, ஏர் ஸ்டோன் (காத்துக் குமிழி விடுற கல்) போட்டு 24 மணி நேரம் விட்டா குளோரின் பறந்துடும். அவசரம்னா ஆன்டி குளோரின் சொட்டு. கல்லைத் தொடாதீங்க. ஸ்பாஞ்ச் அடைச்சா மட்டும், தொட்டியில இருந்து எடுத்த தண்ணியிலயே லேசாப் பிழிஞ்சு போடுங்க.
கொளத்தூர் பக்கம் வர முடிஞ்சா வாங்க. ரெண்டு வருஷமா நோயில்லாம ஓடுற தொட்டியில இருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒரு துண்டு வெட்டித் தர்றேன், அதுல நல்ல பாக்டீரியா ஏற்கனவே வளர்ந்திருக்கும். மீன் கவர்ல அதே தண்ணியோட கொண்டு போய், காயுறதுக்குள்ள போட்டுடணும்.

பெரம்பூர்:
மொத்தமா மாத்தி கல்லுப்பு போடுங்க, எனக்கு அதான் வேலை செஞ்சுது.

கொளத்தூர் மீன் பண்ணை:
தம்பி, உப்பு பத்திச் சொன்னது பாதி சரி. லிட்டருக்கு ஒரு கிராம் போட்டா நைட்ரைட் செவுள்ல ஏறுறது குறையும், மோலியும் தாங்கும். ஆனா மொத்தமா மாத்துறது மட்டும் கூடாது. அம்மா அதைச் செஞ்சு செஞ்சுதான் இங்க வந்து நிக்கிறாங்க.

மடிப்பாக்கம் அம்மா:
ஞாயித்துக்கிழமை போய் ஸ்பாஞ்ச் வாங்கிட்டு வந்தேன், காசு வாங்கிக்க மாட்டேன்னுட்டார். தொட்டியில வெச்சு லேசா அழுத்தினதும் கருப்புக் காபி டிகாஷன் மாதிரி அழுக்கு இறங்குச்சு, நெஞ்சு பதறிப் போச்சு. காலையில அதெல்லாம் ஃபில்டருக்குள்ள போயிருந்தது. வெள்ளை மட்டும் அப்படியே இருந்துச்சு. கை துறுதுறுத்தாலும் தொடல. கோல்டு ஃபிஷ் நாலும் என் அண்ணன் வீட்டு மூணடித் தொட்டிக்குப் போயிடுச்சு. பையன் அழுதான், வாரா வாரம் போய்ப் பார்க்கலாம்னு சொல்லியிருக்கேன்.
ஸ்பாஞ்ச் போட்டு இன்னைக்கு ஒன்பதாம் நாள். தேதி மட்டுமில்ல, அதுக்குக் கீழ பொடி எழுத்துல இருக்கிற ராகுகாலம்கூட கண்ணாடி வழியாத் தெரியுது. மூணு மோலியும் கீழ கல்லைக் கொத்திக்கிட்டுத் திரியுது. எல்லாருக்கும் நன்றி. கொளத்தூர் அண்ணா, அடுத்த வாரம் நாலு நாள் ஊருக்குப் போறோம், பக்கத்து வீட்டுல சாவி கொடுத்துத் தீனி போடச் சொல்லவா?

கொளத்தூர் மீன் பண்ணை:
வேண்டாம்மா. வளர்ந்த மோலி நாலு நாள் பட்டினி தாங்கும். பக்கத்து வீட்டுக்காரங்க பாசத்துல அள்ளிப் போட்டுட்டா திரும்ப அரிசித் தண்ணிதான். கிளம்புறதுக்கு முந்தின நாள் ஏழு லிட்டர் மாத்திடுங்க. சாவி கொடுக்கிறதா இருந்தா, கரண்ட் போய் வந்ததும் ஃபில்டர் ஓடுதான்னு மட்டும் பார்க்கச் சொல்லுங்க.