சேலத்தில் வீட்டோடு நர்ஸ், அட்டெண்டர்: மாதச் செலவை எப்படிக் கணக்குப் போடுவது, எங்கே குறைப்பது?

அழகாபுரம்காரன்

நோயாளி அப்பா, வயது 71, எடை 68 கிலோ. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் வரவில்லை. மூக்கு டியூப், யூரின் டியூப் இரண்டோடும் இந்த வாரம் டிஸ்சார்ஜ். வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போகிறவர்கள். அம்மாவுக்கு 66, ஆளைத் தூக்க முடியாது.

மூன்று இடத்தில் கேட்ட விலை:

அ) 24 மணி நேர நர்ஸ், மாதம் 42,000.
ஆ) 24 மணி நேர அட்டெண்டர், நாளுக்கு 850, பதிவுக் கட்டணம் 3,000.
இ) காலை 8 முதல் இரவு 8 வரை அட்டெண்டர், நாளுக்கு 650.

மூன்றுக்கும் சாப்பாடு நம்முடையது. டியூப் இருப்பதால் நர்ஸ்தான் வேண்டும் என்று முதல் இடத்தில் அடித்துச் சொல்கிறார்கள். அது உண்மையா? மெடிக்கல் இன்ஷூரன்ஸில் இதில் ஏதாவது கிடைக்குமா? வருமான வரியில் கழிக்க முடியுமா?

வார்டு சிஸ்டர்

டியூப் இருக்குங்கறதுக்காக 24 மணி நேரமும் நர்ஸ் வெச்சே ஆகணும்னு இல்லைங்க. டியூப் போடறது வேற, டியூப் வழியா ஊட்டறது வேற.

மூக்கு டியூப் போடறது, மாத்தறது, யூரின் டியூப் மாத்தறது, ஊசி, டிரிப், ஆழமான புண்ணுக்குக் கட்டு. இதெல்லாம் படிச்ச நர்ஸ் வேலை. நர்ஸ் படிப்புல ஏஎன்எம்னா 2 வருஷம், ஜிஎன்எம்னா 3 வருஷம், பிஎஸ்சின்னா 4 வருஷம். தமிழ்நாடு நர்சுகள் கவுன்சில் பதிவு எண் இருக்கான்னு கேளுங்க. எண் சொல்லத் தெரியாத "நர்ஸ்"னா அது அட்டெண்டருக்கு நர்ஸ் விலை கேக்கறாங்கன்னு அர்த்தம். சேலத்துல மட்டும் இல்ல, எல்லா ஊர்லயும் இது நடக்குது.

குளிப்பாட்டறது, டயப்பர், திருப்பிப் படுக்க வெக்கறது, டியூப்ல ஊட்டறது, யூரோபேக் (யூரின் சேர்ற பை) காலி பண்ணி அளவு எழுதறது இதெல்லாம் பழகின அட்டெண்டரே பண்ணலாம். ஆனா ஆஸ்பத்திரியை விட்டு வர்றதுக்கு முன்னாடியே அந்த அட்டெண்டரை ஒரு நாள் வார்டுக்கு வரவெச்சு, அங்க இருக்கற சிஸ்டர் முன்னாடி ஒரு தடவை செஞ்சு காட்டச் சொல்லுங்க. பார்க்க வேண்டியது: தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி தூக்கி இருக்கணும். மூக்குக்கிட்ட டியூப்ல போட்ட குறி நகர்ந்திருக்கக் கூடாது, நகர்ந்திருந்தா ஊட்டாம நர்ஸைக் கூப்பிடணும். ஒரு வேளைக்கு 200 மில்லிக்குள்ள மெதுவா விடணும், சிரிஞ்சு பிஸ்டனை வெச்சு அழுத்தக் கூடாது. முடிச்சதும் 30 மில்லி தண்ணி விட்டுக் கழுவணும். அப்புறம் முக்கா மணி நேரமாவது சாய்ச்சே வெக்கணும். ஊட்டின கையோட படுக்க வெச்சா புரையேறி நெஞ்சுல சளி கட்டி, திரும்பவும் ஐசியூ. வீட்டுச் செலவு பூராவும் அங்கதான் குழியில விழும்.

யூரின் டியூப் பத்தி ஒண்ணு. சாதாரண லேடெக்ஸ் டியூப்னா ரெண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒரு தடவை மாத்தணும். முழு சிலிக்கான்னா 12 வாரம் வரைக்கும் தாங்கும். விலை கூடத்தான், ஆனா நர்ஸ் வர்ற செலவு குறையும். அதைவிட, அது தேவையா, எடுத்துடலாமான்னு டாக்டர்கிட்டக் கேளுங்க. டியூப் இருக்கற வரைக்கும் கிருமித் தொற்று பயம் இருந்துக்கிட்டே இருக்கும்.

கணக்குப்பிள்ளை

சொன்ன விலையும் கட்டப்போகும் தொகையும் ஒன்றல்ல. 30 நாள் மாதத்துக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஆ. 850 வீதம் 25,500. ஆள் அனுப்பும் சேவை என்று பில் வந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 4,590. சேர்த்து 30,090. சாப்பாடு நாளுக்கு 150 என்றால் 4,500. ஆக 34,590. நாளுக்கு 850 என்றால் 31 நாள் மாதத்தில் அந்த ஒரு நாளும் சேரும், மறந்துவிடாதீர்கள். நர்ஸ், பிசியோ மாதிரி மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பில்லில் வரி போட்டிருந்தால் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், எண் இல்லாமல் வரி வாங்க உரிமை இல்லை. எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும்.

இதற்கு மேல் யாரும் விலைப்பட்டியலில் சொல்லாதவை: நர்ஸ் வாரம் ஒரு தடவை வந்து பார்க்க, ஒரு வருகைக்கு 600 என வைத்தால் 2,400. பிசியோ வாரம் மூன்று நாள், 500 வீதம் 12 தடவைக்கு 6,000. யூரின் டியூப் இருப்பதால் டயப்பர் நாளுக்கு மூன்று போதும். 35 வீதம் 90 டயப்பருக்கு 3,150. அண்டர்பேட் (படுக்கை நனையாமல் அடியில் விரிப்பது), கையுறை, ஊட்டும் சிரிஞ்சு, யூரோபேக் எல்லாம் 1,500. ஆக ஆ வழி மாதம் 47,640, பதிவுக் கட்டணம் 3,000 தனி.

அ வழியில் நர்ஸ் வருகைச் செலவும் ஜிஎஸ்டியும் கிடையாது. 42,000, சாப்பாடு 4,500, பிசியோ 6,000, பொருள்கள் 4,650: மொத்தம் 57,150.

இ வழியில் ஞாயிற்றுக்கிழமை வீட்டார் பார்த்துக்கொண்டால் 26 நாள். 16,900, வரி 3,042, மதியச் சாப்பாடும் டீயும் நாளுக்கு 60 என்று 1,560. மற்ற செலவுகள் அதேதான். மொத்தம் 34,552.

அ-வுக்கும் இ-க்கும் மாதம் 22,598 வித்தியாசம். ஆனால் இ வழியில் ராத்திரி வேலை உங்கள் தலையில். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும் என்றால் இரவு 10, 12, 2, 4, காலை 6. ஏர் பெட் (மோட்டாரால் காற்று நிரப்பும் மெத்தை) போட்டுவிட்டோம் என்று திருப்பாமல் விடக் கூடாது. இன்னொன்றையும் யோசியுங்கள்: 24 மணி நேர ஆள் என்றாலும் ஒரே ஆள்தான். அவரும் தூங்குவார். பகலெல்லாம் 68 கிலோ ஆளைப் புரட்டியவர் ராத்திரி ஐந்து தடவை எழுந்தால் பத்தாவது நாள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். பலருக்கு ஆள் நிற்காத காரணம் சம்பளம் இல்லை, தூக்கம். ஆகவே 24 மணி நேரத்துக்கு வைத்தாலும் இரவில் இரண்டு முறையை வீட்டார் எடுத்துக்கொள்வதாக முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்க வேண்டியவை: ஆள் வராத நாளுக்குப் பணம் கழிப்பார்களா. மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார். மாற்று ஆளுக்கு மறுபடி பதிவுக் கட்டணம் உண்டா. நோயாளி மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலோ இறந்துவிட்டாலோ முன்பணத்தில் மீதி எத்தனை நாளில் திரும்பும். ஆளை நேரடியாக வைத்துக்கொண்டால் அபராதம் எவ்வளவு. பண்டிகை நாளில் இரட்டைச் சம்பளமா. சேலத்தில் தீபாவளி, பொங்கலைவிட ஆடிதான் சிக்கல். கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரத்தில் ஊர் முழுக்கப் பண்டிகை, அத்தனை ஆளும் ஒரே நேரத்தில் லீவு கேட்பார்கள். அந்த வாரத்துக்கு இப்போதே வீட்டில் ஒருவர் லீவு சொல்லி வைப்பது நல்லது.

கட்டிலை வாடகைக்கு எடுங்கள், ஏர் பெட்டைப் புதிதாக வாங்குங்கள். வாடகை ஏர் பெட்டில் மோட்டார் தேய்ந்திருக்கும், குழாய் கசியும், ராத்திரியில் காற்று இறங்குவது தெரியாது. கட்டில் இடத்தை அடைக்கும், பிறகு விற்றால் பாதிகூடத் தேறாது.

வரிக்கோப்பு

இன்ஷூரன்ஸ்: அட்டெண்டர் சம்பளத்துக்குச் சாதாரண பாலிசியில் ஒரு ரூபாய்கூட வராது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் ஐந்தாவது எண்ணைப் பாருங்கள்: ஓய்வுச் சிகிச்சை, மறுவாழ்வு, வீட்டில் குளிக்க, உடுத்த, நடமாட உதவும் பராமரிப்பு இவற்றுக்குப் பணம் இல்லை. ‘டொமிசிலியரி’ என்று இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நோய்க்கு, நகர்த்த முடியாததாலோ படுக்கை கிடைக்காததாலோ வீட்டிலேயே சிகிச்சை தந்தால்தான் அது. முதல்வர் காப்பீட்டுத் திட்டமும் 70 வயதுக்கு மேற்பட்டோருக்கான ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையும் உள்நோயாளிச் சிகிச்சைக்கானவை. கிடைக்கக்கூடியது டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு. பாலிசியில் 60 அல்லது 90 நாள் என்று இருக்கும். அந்த நாட்களுக்குள் மருந்து, பரிசோதனை, டாக்டர் எழுதிக் கொடுத்த பிசியோ ஆகியவற்றைக் கேட்கலாம். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே "வீட்டில் பிசியோதெரபி, வாரம் இத்தனை தடவை" என்று எழுதி வாங்குங்கள். பிறகு போய்க் கேட்டால் தனிச் சீட்டில் எழுதித் தருவார்கள், கிளைமில் அதற்குக் கேள்வி வரும்.

வருமான வரி: கீழே சொல்வதெல்லாம் பழைய வரி முறையில் மட்டும். புதிய முறையில் கிடையாது. இரண்டிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

80டிடி பிரிவு என்று எல்லோரும் சொல்லும், ஊனமுற்ற குடும்பத்தாரைப் பராமரிப்பதற்கான கழிவுதான் உங்களுக்குப் பெரியது. உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கு 40 சதவீத ஊனம் என்றால் 75,000. 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. எவ்வளவு செலவானாலும் கழிவு இதே தொகைதான், நர்சிங் செலவும் இதில் அடங்கும். 20 சதவீத வரி அடுக்கில் 1,25,000-க்கு செஸ் சேர்த்து 26,000 மிச்சம், 30 சதவீதத்தில் 39,000. அப்பாவுக்குப் பென்ஷன் வந்து அவரே வரி கட்டுகிறார் என்றால் அவர் கணக்கில் 80யு (ஊனமுற்றவர் தாமே எடுக்கும் கழிவு) போடலாம், தொகை அதேதான். ஒருவர்தான் எடுக்க முடியும்.

குறிப்பிட்ட நோய்களின் சிகிச்சைச் செலவுக்கான 80டிடிபி-யில் ஒரு வேடிக்கை. நரம்பு நோய்ப் பட்டியலில் பக்கவாதம் இல்லை. ஆனால் ‘அஃபேசியா’ எனும் பேச்சிழப்பு இருக்கிறது, ஊனம் 40 சதவீதம் இருக்க வேண்டும். நரம்பியல் நிபுணர் சீட்டில் அந்தச் சொல்லை எழுதினால், மூத்த குடிமக்களுக்கு 1,00,000 வரை உண்மையான சிகிச்சைச் செலவைக் கழிக்கலாம். அப்பா பெயரில் பாலிசியே இல்லை என்றால் 80டி-யில் மருத்துவச் செலவு 50,000 வரை. ரொக்கமாகக் கொடுத்தது சேராது. அதனால் நர்ஸ், பிசியோ, மருந்துக் கடை மூன்றுக்கும் ஜிபே அல்லது வங்கி வழியாகவே கொடுங்கள்.

80டி தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை ஊனச் சான்று. பக்கவாதத்துக்கு உடனே சதவீதம் போட மாட்டார்கள், பொதுவாக ஆறு மாதம் பார்ப்பார்கள். தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) தளத்தில் விண்ணப்பித்து, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரியில் காட்டலாம். கடும் பாதிப்பு என்று சான்று வந்தால் மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000-க்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுப் போடுங்கள்.

அழகாபுரம்காரன்

நன்றி. சிஸ்டருக்குத் தனியாக நன்றி. இன்னொரு யோசனை இருக்கிறது. ஏற்காடு நாகலூர் பக்கம் சொந்த வீடு சும்மா இருக்கிறது. இங்கே மாடி வாடகை வீடு. அங்கே கொண்டுபோனால் வாடகை மிச்சம், காற்றும் நல்லது என்கிறார் அம்மா. செலவு குறையுமா?

கொண்டைஊசி 20

வாடகை மிச்சமாகும், மற்றதெல்லாம் ஏறும் சார்.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. 12 மணி நேர ஆள் தினமும் ஏறி இறங்க முடியாது, ஆகவே இ வழி அடிபட்டுப் போகும். 24 மணி நேர ஆள்தான், அவருக்குத் தனி அறை, கம்பளி, வெந்நீர் எல்லாம் வேண்டும். கீழேயிருந்து வரும் நர்ஸும் பிசியோவும் வண்டிச் செலவைத் தனியாகக் கேட்பார்கள். 600 என்பது 600 ஆக இருக்காது.

கரண்ட் போனால் ஏர் பெட் இறங்கிவிடும். இன்வெர்ட்டர் கட்டாயம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மரம் விழும், லைன் போகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குப்பனூர் வழி ஒன்று உண்டு, சுற்றுதான். மூக்கு டியூப் பிடுங்கிக்கொண்டால் அந்த நேரத்தில் யார் வந்து போடுவது? முதல் ஆறு மாதம் கீழேயே, முடிந்தால் தரைத்தளத்தில் ஒரு வீடு பாருங்கள். மாடிப்படியில் ஒவ்வொரு தடவையும் ஸ்ட்ரெச்சர் தூக்க நாலு ஆள் கூலி கொடுப்பதைவிட அது மலிவு.

எங்கே இருந்தாலும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை விடாதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோவும் வலி தணிப்பு நர்ஸும் வீட்டுக்கு வருவார்கள், எல்லாம் இலவசம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு பேர் பதியுங்கள். ஒரு ஒன்றியத்துக்கு ஒரு பிசியோ என்ற கணக்கு, அதனால் வாரம் மூன்று நாள் எதிர்பார்க்க முடியாது. அவர் வரும் நாளில் தனியார் பிசியோவை நிறுத்தினால் அந்த 500 மிச்சம்.

மூச்சிரைப்பு

நடுவில் ஒரு கேள்வி. ஏற்காட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) 24 மணி நேரமும் ஓடும் வீட்டுக்குக் கரண்ட் பில் எவ்வளவு கூடும்?

கொண்டைஊசி 20

5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட். நாளுக்கு 8.4 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 504 யூனிட். வீட்டு உபயோகமும் சேரும்போது 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் முதல் 100 இலவசம் அப்படியே இருக்கும், 101 முதல் 200 வரைக்கான சலுகை விலை போய்விடும், அதனால் பில் எதிர்பார்த்ததைவிடத் துள்ளும். டாக்டர் 16 மணி நேரம் போதும் என்று சொன்னால் 336 யூனிட்தான். நீங்களாகக் குறைக்காதீர்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கரண்ட் போகும் நேரத்துக்கு ‘பி’ டைப் சிலிண்டர் ஒன்று நிரப்பி வையுங்கள். 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்தால் பன்னிரண்டரை மணி நேரம். ரெகுலேட்டரும் சாவியும் சிலிண்டரோடயே கட்டித் தொங்கவிடுங்கள். இருட்டில் தேடுவது அதைத்தான்.

வார்டு சிஸ்டர்

அழகாபுரம் சார், இ வழியே எடுக்கறதா இருந்தா ஒரு நோட்டுப் போடுங்க. ஊட்டின நேரம், அளவு, யூரின் அளவு, திருப்பின பக்கம், மலம் போன நேரம். காலைல அட்டெண்டர் வந்ததும் ராத்திரி கணக்கைப் பார்க்கணும், 8 மணிக்குக் கிளம்பறப்ப நீங்க பகல் கணக்கைப் பார்க்கணும். யூரின் வழக்கத்தைவிட ரொம்பக் குறைஞ்சாலோ, கலங்கலா வந்தாலோ, இடுப்பு எலும்புக்கிட்ட அழுத்தினாலும் போகாத சிவப்பு தெரிஞ்சாலோ அன்னிக்கே நர்ஸைக் கூப்பிடுங்க, வார வருகைக்குக் காத்திருக்க வேண்டாம்.