ஈஸ்ட் செல்லை மின்புலத்தால் பிரித்த அனுபவம்

டைஎலக்ட்ரோபோரெசிஸ், அதாவது எங்கும் ஒரே வலுவில் இல்லாத மின்புலம் செல் போன்ற துகள்களை இழுப்பது அல்லது தள்ளுவது பற்றிக் குழுவில் பேச்சு வந்ததால் என் பங்குக்கு ஈஸ்ட் அனுபவத்தை எழுதுகிறேன். பேக்கரி ஈஸ்ட்டில் ஒரு பங்கைக் கொதிநீரில் வைத்துச் சாகடித்து, உயிருள்ள ஈஸ்ட்டோடு கலந்து, மெத்திலீன் நீலம் சேர்த்தோம். செத்த செல் நீலமாகும், உயிருள்ளது நிறமில்லாமல் இருக்கும். கண்ணாடியில் தங்க மின்முனை பதித்த சிப்பில் ஒரு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம். மின்முனையின் விளிம்பு கோட்டை மதில்போலப் பல் பல்லாக இருக்கும்.

1 மெகாஹெர்ட்ஸில் 10 வோல்ட் கொடுத்தோம். நிறமற்ற செல்கள் பல்லின் முனைக்கு ஓடி, ஒன்றோடொன்று ஒட்டிச் சரமாக நின்றன. நீலச் செல்கள் பள்ளத்தில் தளர்வாகக் கிடந்தன. சிரிஞ்சை மெதுவாக அழுத்தியதும் நீலம் மட்டும் அடித்துக்கொண்டு போனது! சாயம் நம் கண்ணுக்காகத்தான். பிரித்தது செல்லின் மின் குணம்.

உயிருள்ள செல்லின் சவ்வு மின்சாரத்தைத் தடுக்கும், உள்ளே அயனிகள் நிறைந்திருக்கும். குறைந்த அதிர்வெண்ணில் புலம் சவ்வைத் தாண்டாது. மெகாஹெர்ட்ஸில் தாண்டிவிடும், சுற்றியுள்ள நீரைவிட உள்ளே நன்றாகக் கடத்துவதால், புலம் வலுவான இடத்துக்கு, அதாவது பல்லின் முனைக்கு, செல் இழுபடும். செத்த செல்லில் சவ்வு ஓட்டையாகி அயனிகள் கசிந்துவிடும், அந்த இழுவை இருக்காது. இந்த விளைவுக்கு 1951-ல் பெயர் வைத்த விஞ்ஞானி ஹெர்பர்ட் போல் (Pohl), 1966-ல் ஹாக் என்பவருடன் சேர்ந்து உயிருள்ள ஈஸ்ட்டையும் செத்ததையும் இப்படிப் பிரித்துக் காட்டினார்.

செல் நகரவில்லை என்றால் பலரும் வோல்டேஜை ஏற்றுகிறார்கள். முதலில் கரைசலின் கடத்துதிறனைப் பாருங்கள். செல்களுக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் உப்புக் கரைசலான பிபிஎஸ் (PBS) மீட்டருக்குச் சுமார் 1.5 சீமென்ஸ். அதில் உயிருள்ள செல்லும் வலுவான புலத்தை விட்டு விலகித்தான் ஓடும், கரைசலும் சூடாகும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, உப்பை நன்றாகக் கழுவி, மின்சாரத்தை அதிகம் கடத்தாத மானிடால் (ஒரு சர்க்கரை ஆல்கஹால்) கரைசலுக்கு மாற்றுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

பதில்: ரொம்ப நன்றி சார். நான் சிவப்பணுவில் செய்கிறேன். இதில் கழுவுவது இன்னும் கவனமான வேலை. உப்பில்லை என்று வெறும் நீரில் போட்டால் வெடித்துவிடும். சுக்ரோஸும் கொஞ்சம் டெக்ஸ்ட்ரோஸும் சேர்த்து ஊடுபரவல் அழுத்தத்தைச் சரிக்கட்டுகிறோம். மலேரியா தாக்கிய சிவப்பணுவின் சவ்வு அயனிகளைக் கசியவிடும் என்பதால் அதையும் இதே வழியில் பிரிக்கலாம்; ஆய்வாளர் பீட்டர் காஸ்கோய்ன் குழு 2002-ல் செய்து காட்டியிருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் ஆசை வந்ததே அதைப் படித்துத்தான்.

அப்புறம் ஒன்று. அதிர்வெண்ணைச் சில நூறு ஹெர்ட்ஸ் வரை இறக்காதீர்கள். மின்னாற்பகுப்பில் குமிழி கிளம்பித் தங்கப் படலமே உரிந்துவிடும். நாங்கள் 10 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி மேலே போகிறோம்.