ஆயுளுக்கும் ஒரே காற்றுத் துப்பாக்கி: ஸ்பிரிங்கா, பிசிபியா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டம். 1960 ஆயுதச் சட்டப்படி இங்கே காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். ஆகவே இரண்டு மூன்று வாங்கிப் பார்த்துக் கழிக்கும் பேச்சுக்கே இடமில்லை. காகித இலக்குக்கும் கிடங்கு எலிக்கும் ஒன்றே போதும். அது கடைசி வரை உழைக்க வேண்டும்.

என் பழைய குழல் மடக்கும் துப்பாக்கியில் கீல் ஆடுகிறது. இருபது மீட்டரில் ஒரு குண்டு மேலே, அடுத்தது பக்கவாட்டில். சீல், ஸ்பிரிங் மாற்றினேன், திருகுகளை இறுக்கினேன், வேறு பெல்லட்டும் போட்டுப் பார்த்தேன். பலனில்லை.

இப்போது மனத்தில் இரண்டு. ஏர் ஆர்ம்ஸ் டிஎக்ஸ்200: ஸ்பிரிங் வகை, அசையாத குழல், ஸ்பிரிங்கை இழுத்து ஏற்றக் கீழ் நெம்புகோல், காற்று நிரப்பும் தொல்லை இல்லை, ஆனால் நான்கு கிலோவுக்கு மேல், என் தோளுக்கு அது அதிகம். வைராக் எச்டபிள்யூ100: பிசிபி, அதாவது அழுத்திய காற்றை முன்கூட்டியே சிலிண்டரில் நிரப்பிச் சுடும் வகை, உதைப்பு இல்லாத மாதிரிதான், 14 குண்டு மேகசின், ஆனால் 200 பார் அழுத்தம் வரை காற்றடிக்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றைக் கைப்பம்பில் அடித்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் சேருமே! கடைக்காரரோ கையிருப்பில் உள்ளதைத்தான் புகழ்கிறார்.

பல ஆண்டுகளாக இங்கே பிசிபி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: 5.5 மி.மீ. குண்டு அளவில் இவ்விரண்டில் எதை வாங்கலாம்?