தொட்டியில் பாய்க்கோரை: நுனி கருகுது, உரம் பத்தலையா?

கேள்வி (திருவான்மியூர்)
மொட்டை மாடியில 60 லிட்டர் டப், அடியில ஓட்டை கிடையாது. பாதி கோகோபீட் (தென்னை நார்த்தூள்), பாதி செம்மண். மண்ணுக்கு மேல மூணு விரக்கடை தண்ணி நிக்குது. ஊத்துறது போர் தண்ணியும் ஆர்ஓ கழிவுத் தண்ணியும். பழைய தண்டுகள் நுனியிலிருந்து கருகுது, புதுசு பச்சையாத்தான் வருது. டப் ஓரத்துல வெள்ளைப் படிவு. கொசுப்புழு வேற.

பதில் 1
உரம் போட்டுடாதீங்க, அதுவும் உப்புதான். இரும்புச்சத்து குறைஞ்சா புதுத் தண்டுதான் முதல்ல வெளுக்கும். உங்களுது உப்பு. வெயில்ல தண்ணி ஆவியாகுது, உப்பு தங்கிடுது. மேல மேல ஊத்தும்போது இன்னும் ஏறுது. போர் தண்ணி டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) 1200 இருந்தா ஆர்ஓ கழிவு 1800-ஐத் தாண்டும். அதை முதல்ல நிறுத்துங்க. கழுவாத கோகோபீட்லயும் உப்பு உண்டு.

டப்போட பக்கவாட்டுல, அடியிலிருந்து ஓர் அங்குலம் மேல, தண்ணி வெளியேற அரை அங்குல டேங்க் நிப்பிள் (குழாய்த் துண்டு) மாட்டி எண்ட் கேப் (மூடி) போடுங்க. மண் அடைக்காம இருக்க உள்பக்கம் கொசுவலைத் துண்டும் ஒரு கை ஜல்லியும். மூடியைத் திறந்துவிட்டு மெட்ரோ தண்ணியோ மழைத்தண்ணியோ 60 லிட்டர் மெதுவா ஊத்துங்க. வெளியே வர்றதோட டிடிஎஸ், ஊத்துற தண்ணிக்குக் கிட்ட வரணும். கோடையில 15 நாளைக்கு ஒருதரம் இதைச் செய்யணும். நடுவுல ஏசி தண்ணி ஊத்தலாம், அதுல உப்பே இருக்காது.

பதில் 2
கொசுவுக்கு: கோரைக்குச் சேறு போதும், தண்ணி நிக்கணும்னு இல்ல. தண்ணியை மண் மட்டத்துக்கே இறக்குங்க. டப் சுவரை பிரஷ் போட்டுத் தேய்ங்க. ஏடிஸ் (டெங்கு பரப்புற கொசு) முட்டை தண்ணி விளிம்புக்கு மேல ஒட்டிக்கிட்டு மாசக்கணக்குல காய்ஞ்சு கிடந்தும், நனைஞ்சா பொரியும்.

பதில் 3
வெச்சிருக்கிறது பாய்க்கோரைதானா? நர்சரியில குடை மாதிரி விரிஞ்ச இலையோட தர்றது மடகாஸ்கர் பக்கத்துச் செடி. மண்ணுக்கடியில நூல்ல கோத்த மாதிரி கறுப்புக் கிழங்கு இருந்தா அது களைக்கோரை, தரையில மட்டும் விட்டுடாதீங்க.

கேட்டவர்
கிழங்கு இல்லைங்க, கட்டையான வேர்த்தண்டுதான். மண்ணை இப்பவே மாத்தலாமா?

பதில் 1
ஐப்பசி மழை பிடிக்கட்டும். நாலு தண்டுக்கு ஒரு துண்டா வேர்த்தண்டை வெட்டி, தண்டை ஒரு சாண் விட்டு நறுக்கி நடுங்க. களிமண் ரெண்டு பங்கு, ஆத்து மணல் ஒரு பங்கு. பச்சைச் சாணி வேண்டாம், தண்ணிக்கடியில நாறும். கருகின நுனி திரும்பப் பச்சையாகாது, அந்தத் தண்டை அடியோட அறுத்துடுங்க. அடுத்து வர்றதோட நுனியைப் பார்த்துட்டுச் சொல்லுங்க.