இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி: எண் தெரியாவிட்டால் இழப்பீடு கிடையாதா?

திண்டிவனத்தான் (திங்கள், இரவு 9.40)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா எக்ஸ்எல் வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மினி லாரி பின்னாலிருந்து இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, பிளேட் வைத்து அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். இதுவரை 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் செலவாகிவிட்டது. அதில் பெரும்பகுதி வட்டிக்கு வாங்கிய பணம். வண்டி எண் தெரியாவிட்டால் ஒரு ரூபாயும் கிடைக்காது என்கிறார் ஒருவர், அரசு 2 லட்சம் தரும் என்கிறார் இன்னொருவர். எது உண்மை, யாரிடம் போய்க் கேட்க வேண்டும்? நாளை டிஸ்சார்ஜ் என்பதால் அவசரமாகக் கேட்கிறேன்.

மணற்கேணி (9.52)

விபத்து எந்த நாளில், எந்த மாவட்ட எல்லைக்குள் நடந்தது? எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டதா? எக்ஸ்எல் யார் பெயரில் இருக்கிறது, அதற்குக் காப்பீடு நடப்பில் இருக்கிறதா, அப்பாவிடம் ஓட்டுநர் உரிமம் உண்டா? இவை தெரியாமல் யார் என்ன சொன்னாலும் அது பொத்தாம்பொதுவான பதிலாகத்தான் இருக்கும்.

கேமராக்_கண்ணன் (10.05)

மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கேமராப் பதிவைப் பிடியுங்கள். நான் பதினோரு ஆண்டுகளாகக் கடைகளுக்கு கேமரா பொருத்தித் தருபவன். சிறு கடைகளில் வைத்திருக்கும் பெட்டியில் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும். சில இடங்களில் ஒரு வாரம்தான் தாங்கும். கடைக்காரரிடம் கெஞ்சி, திரையில் ஓடுவதைக் கைபேசியில் படம் பிடித்து வருவதோடு நிறுத்திவிடாதீர்கள். மூலப் பதிவையே பென் டிரைவில் எடுத்துக் காவல் துறையிடம் சேர்க்கச் சொல்லுங்கள்.

வாதி_பிரதிவாதி (10.20)

இந்த இடத்தில் இதே கேள்விக்கு நான் குறைந்தது ஆறு முறை விடை எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. ஏழாவது முறையாக எழுதுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி, அடையாளம் தெரியாத வண்டி மோதி ஒருவர் இறந்தால் ரூ. 2,00,000, கொடுங்காயம் அடைந்தால் ரூ. 50,000. முன்பு 25,000 என்றும் 12,500 என்றும் இருந்த தொகைதான் 2022 ஏப்ரல் 1 முதல் இப்படி உயர்ந்தது. எலும்பு முறிவு கொடுங்காயம்தான், அதில் ஐயமில்லை. ஆகவே உங்களுக்கு 2 லட்சம் சொன்னவர் இறப்புக்கான தொகையைச் சொல்லியிருக்கிறார். ஒன்றுமே இல்லை என்றவர் ஒன்றுமே தெரியாமல் சொல்லியிருக்கிறார். நீங்கள் எவ்வளவு செலவழித்தீர்கள் என்று அங்கே யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, அது நிலையான தொகை.

திண்டிவனத்தான் (10.48)

மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். விபத்து நடந்து 9 நாட்கள் ஆகின்றன. திருச்சி நெடுஞ்சாலையில், செங்கல்பட்டு மாவட்டத்துப் பக்கம், ஆத்தூர் சுங்கச்சாவடிக்குச் சில கிலோமீட்டர் வடக்கே நடந்தது. வண்டி அப்பா பெயரில்தான் இருக்கிறது, காப்பீடும் உண்டு. ஆனால் உரிமம் காலாவதியாகி இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. மூன்றாம் நாள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன், புகார் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். இன்று மாலை வார்டுக்கு ஒருவர் வந்து, வண்டி எண்ணைத் தாங்களே ஏற்பாடு செய்வதாகவும், கிடைக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்றும் சொல்லி அட்டை கொடுத்துவிட்டுப் போனார்.

குறுக்குவழி (10.55)

அந்த அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். 50 ஆயிரத்தை வைத்துக்கொண்டு வட்டி கூடக் கட்ட முடியாது. வண்டி எண் ஒன்று இருந்தால் விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் மருத்துவச் செலவு, வருமான இழப்பு, வலிக்கும் வேதனைக்கும் என்று தனித்தனியாகக் கேட்கலாம். ஊரில் பலர் செய்வதுதான், காப்பீட்டு நிறுவனத்தின் பணம்தானே.

வாதி_பிரதிவாதி (11.01)

இப்படி ஓர் அறிவுரையைப் பொதுவெளியில் எழுதுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். மோதாத வண்டியை மோதியதாகக் காட்டும் மனுக்களைச் சென்னை உயர் நீதிமன்றமே விசாரிக்கச் சொல்லியிருக்கிறது. பொய்யான எஃப்.ஐ.ஆரில் புகார்தாரராகக் கையெழுத்திடப் போவது அட்டை கொடுத்தவர் அல்ல, இந்தப் பிள்ளை. மாட்டினால் இழப்பீடும் போகும், குற்ற வழக்கும் வரும்.

லாரி_ஷெட் (11.15)

எல்லாரும் லாரிக்காரன் ஓடிவிட்டான் என்கிறீர்கள். நின்றால் அடி விழும் என்ற பயத்தில்தான் பலர் ஓடுகிறார்கள். அதற்கு மேல் இப்போது இடித்துவிட்டு ஓடினால் 10 ஆண்டு சிறை என்று சட்டம் வேறு வந்துவிட்டது. பயந்தவன் எப்படி நிற்பான்?

வாதி_பிரதிவாதி (11.22)

வரவில்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவைத்தான் சொல்கிறீர்கள். 2024 ஜனவரியில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகு, அந்த ஆண்டு ஜூலை 1 அன்று மற்றப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். அதுவும் இறப்புக்கு மட்டுமே உரியது, கால் முறிவுக்கு அல்ல. அடிபட்டவருக்கு உதவ வேண்டும், காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவில் சொல்கிறது. கூட்டம் அடிக்க வருகிறது என்றால் நேராகக் காவல் நிலையத்துக்கு வண்டியை விடலாமே, அதைச் செய்கிறவர்கள் எத்தனை பேர்?

லாரி_ஷெட் (11.30)

நெடுஞ்சாலையில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் ஐயா.

இரவுப்பணி_செவிலி (11.58)

இந்தச் சண்டைக்கு நடுவே ஒன்று கேட்கிறேன். அப்பாவை மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தது யார்? ஏ.ஆர். என்று சொல்லும் விபத்துப் பதிவேட்டில் விபத்து எப்படி நடந்ததாக எழுதியிருக்கிறது என்று பார்த்தீர்களா? பின்னால் எல்லாவற்றையும் முடிவுசெய்வது அந்த ஒரு வரிதான்.

திண்டிவனத்தான் (செவ்வாய், காலை 6.30)

நீங்கள் கேட்ட பிறகுதான் போய்ப் பார்த்தேன். சாலையோர டீக்கடைக்காரர் ஒருவர்தான் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார். சாட்சி, கோர்ட் என்று அலைய வேண்டியிருக்கும் என்ற பயத்தில், வண்டியிலிருந்து தானாக வழுக்கி விழுந்தார் என்று சொல்லியிருக்கிறார். ஏ.ஆர். நகலிலும் அப்படியேதான் இருக்கிறது. அப்பா அப்போது பேசும் நிலையில் இல்லை. இனி என்ன செய்வது?

இரவுப்பணி_செவிலி (6.52)

இதை நான் மாதத்துக்கு நான்கு முறையாவது பார்க்கிறேன். ஏ.ஆரில் எழுதியதை அழித்துத் திருத்தச் சொல்லாதீர்கள். திருத்தியிருந்தால் அதுவே சந்தேகத்துக்கு இடமாகிவிடும். டிஸ்சார்ஜுக்கு முன்பே அறுவை மருத்துவரைப் பார்த்து, நோயாளி நினைவு தெளிந்த பின் தன் வாயால் சொன்ன விவரமாக, பின்னாலிருந்து வண்டி மோதியது என்பதை கேஸ் ஷீட்டில் தேதி, நேரத்துடன் எழுதக் கோருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அது வர வேண்டும். பின்புற மட்கார்டு நசுங்கியிருந்தால் எக்ஸ்எல்லைப் பழுது பார்க்க விடாமல் அப்படியே வைத்திருங்கள்.

இன்னொன்று: அந்த மருத்துவமனை "இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48" திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் தர வேண்டும், அதற்கு வருமான வரம்பு கிடையாது. 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டத்திலும் 7 நாட்களுக்கு 1.5 லட்சம் வரை பணமில்லாச் சிகிச்சை உண்டு. பில் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

வாதி_பிரதிவாதி (8.10)

செவிலி சொன்னது சரி. நேற்றே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. டீக்கடைக்காரரைத் திட்டாதீர்கள், அவர் இல்லாவிட்டால் அப்பா சாலையிலேயே கிடந்திருப்பார். உதவியவர் மீது வழக்கு வராது, அவரைப் பெயர் சொல்லும்படியும் கட்டாயப்படுத்த முடியாது என்று 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அதை எடுத்துச் சொல்லி, அவராகவே முன்வந்து காவல் துறையிடம் வாக்குமூலம் தருவாரா என்று பொறுமையாகக் கேளுங்கள். பயத்தில் மாற்றிச் சொன்னேன் என்று அவர் ஒப்புக்கொண்டால் பாதி முடிச்சு அவிழ்ந்துவிடும்.

சி.எஸ்.ஆர். எஃப்.ஐ.ஆர். ஆகாது. பதிவு செய்யத் தாமதித்தால் எழுத்து மூலம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவர்.

மணற்கேணி (8.35)

வண்டியைத் தேடுவதை விட்டுவிடாதீர்கள். மினி லாரி தெற்கே போயிருந்தால் அடுத்த சில நிமிடங்களில் சுங்கச்சாவடியைக் கடந்திருக்கும், அங்கே கேமராவும் பாஸ்டேக் பதிவும் உண்டு. உங்களிடம் தர மாட்டார்கள். விசாரணை அதிகாரி எழுத்து மூலம் கேட்டால் தந்தாக வேண்டும். விபத்து நேரத்தை நிமிடக் கணக்கில் குறித்து மனுவாகவே கொடுங்கள். உண்மையான வண்டி கிடைத்தால் 166ஆம் பிரிவில் தீர்ப்பாயம் போகலாம், நீங்கள் குடியிருக்கும் ஊருக்கு உரிய தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். அதற்குச் சட்டத்தில் 6 மாதக் கெடு எழுதியிருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தாலும் கெடுவுக்குள் போடுவதே பாதுகாப்பு.

எக்ஸ்எல்லின் சொந்தக் காப்பீட்டில் வரும் 15 லட்சம் இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். செல்லுபடியாகும் உரிமம் இல்லாததால் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற_ஆர்.ஐ. (11.20)

தம்பி, 161ஆம் பிரிவு விண்ணப்பத்துக்கு வக்கீலும் வேண்டாம், தரகரும் வேண்டாம். விபத்து எந்த வட்டத்தில் நடந்ததோ அந்த வருவாய் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும், உங்கள் ஊர் திண்டிவனம் என்பதால் விழுப்புரம் மாவட்டத்தில் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள். மதுராந்தகம் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து, கோரிக்கை விசாரணை அலுவலர் யார் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். படிவம் 1 என்ற விண்ணப்பப் படிவத்துடன் எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்று, மருத்துவமனை பில், அடையாளச் சான்று, வங்கிப் புத்தக நகல் இணைக்க வேண்டும். அவர் ஒரு மாதத்துக்குள் விசாரித்து ஆட்சியருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், ஆட்சியர் 15 நாட்களுக்குள் ஆணையிட வேண்டும், அதன்பின் காப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான பொதுக் காப்பீட்டு மன்றம் வங்கிக் கணக்கில் பணம் போடும். பின்னாளில் வண்டி கிடைத்துத் தீர்ப்பாயம் தொகை தந்தால் இந்த 50 ஆயிரத்தைக் கழித்துக்கொள்வார்கள். ஆகவே இதை வாங்கினால் அது போய்விடும் என்று பயப்பட வேண்டாம்.

நான் பணியில் இருந்த காலத்தில் இப்படி வந்த மனுக்கள் கைவிரல் எண்ணிக்கைதான். மக்களுக்குத் தெரியாது, எங்களில் பலருக்கும் தெரியாது. உச்ச நீதிமன்றமே 2024 ஜனவரியில் சுட்டிக்காட்டிய கணக்கு இது: 2022ஆம் ஆண்டில் இப்படி 67,387 விபத்துகள், ஆனால் 2022-23 நிதியாண்டில் வந்த விண்ணப்பங்கள் 205, தீர்வானவை 95. அந்த வழக்கைத் தொடுத்தவர் நம் கோயம்புத்தூர் எலும்பு அறுவை மருத்துவர் ராஜசேகரன். ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், இந்த இழப்பீட்டைப் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்குக் காவல் நிலையமே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் வந்த உத்தரவு. அதைக் குறிப்பிட்டு மனு எழுதுங்கள்.

குறுக்குவழி (11.41)

50 ஆயிரத்துக்கு இத்தனை அலுவலகமா? நான் சொன்னதை யோசித்துப் பாருங்கள்.

இரவுப்பணி_செவிலி (11.44)

யோசிக்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே வழிகாட்டுவார்கள், 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.

திண்டிவனத்தான் (பதினெட்டு நாட்களுக்குப் பின், இரவு 10.15)

எல்லாருக்கும் நன்றி. டீக்கடைக்காரர் வந்து வாக்குமூலம் கொடுத்துவிட்டார், எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டது. கடைகளில் பதிவு அழிந்துவிட்டது. சுங்கச்சாவடிக்குக் கடிதம் போயிருப்பதாகச் சொல்கிறார்கள். மதுராந்தகத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். அப்பா வாக்கர் பிடித்து நடக்கிறார்.

ஓய்வுபெற்ற_ஆர்.ஐ. (10.31)

மகிழ்ச்சி தம்பி. விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்குத் தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகை வாங்கினீர்களா?

ஓய்வுபெற்ற_ஆர்.ஐ. (நான்கு நாட்களுக்குப் பின்)

தம்பி, ஒப்புகை?