மாணவிகளின் மீள்சிந்தனைக் குறிப்பேடுகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன: உண்மையை எழுத வைப்பது எப்படி?

கேள்வி: செவிலியர் பயிற்றுநர், தென் மாவட்டம்

வணக்கம். நான் ஒரு செவிலியர் கல்லூரியில் ஒன்பது ஆண்டுகளாக டியூட்டராகப் பணியாற்றுகிறேன். பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் செமஸ்டர் மாணவிகளை மெடிக்கல் வார்டு போஸ்டிங்குக்கு அழைத்துச் செல்வது என் பொறுப்பு. லாக் புக், கேர் பிளான் ஆகியவற்றோடு, ரிஃப்ளெக்டிவ் ஜர்னல் என்று நாங்கள் அழைக்கும் மீள்சிந்தனைக் குறிப்பேடு ஒன்றையும் சென்ற ஆண்டு தொடங்கினோம். வார்டில் அன்று நடந்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு, என்ன நடந்தது, அப்போது மனம் எப்படி இருந்தது, எது சரியாக அமைந்தது, எது அமையவில்லை, அதற்குக் காரணம் என்ன, வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வேன் என்று கல்வியாளர் கிப்ஸ் வகுத்த ஆறு படிகளின்படி எழுத வேண்டும். அதற்குப் பத்து மதிப்பெண்கள்.

தொடங்கிய இரண்டாவது வாரத்திலேயே ஒரு மாணவி எழுதியது இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஆறு நோயாளிகளுக்கு வைட்டல்ஸ் (நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், உடல்வெப்பம்) பார்க்கும் வேலை அன்று அவளுக்குத் தரப்பட்டிருந்தது. ஒருவருக்கு மட்டுமே மூச்சை எண்ணியதாகவும், மற்ற ஐவருக்கும் எண்ணாமலேயே 20 என்று எழுதிவிட்டதாகவும், ரவுண்ட்ஸ் தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும் என்ற பதற்றமே காரணம் என்றும், மறுநாள் காலையில் அந்த ஐவரில் ஒரு பெரியவருக்கு ஆக்சிஜன் வைத்திருந்ததைப் பார்த்தபோது தனக்குக் கைகால் நடுங்கிவிட்டது என்றும் எழுதியிருந்தாள். அந்தக் குறிப்பேடு என் கைக்கு வருவதற்கு முன்பே அதைப் படித்த வேறொருவர், வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படித்து அவளைக் கடிந்துகொண்டார். அதற்குப் பிறகு வந்த குறிப்பேடுகள் அனைத்திலும் 'நோயாளியிடம் கனிவாக நடந்துகொண்டேன், தன்னம்பிக்கை வளர்ந்தது, அடுத்த முறை இன்னும் சிறப்பாகச் செய்வேன்' என்ற வாசகங்கள்தாம் இருக்கின்றன.

இந்தக் குறிப்பேடு மாணவிகளின் கைத்திறனையும் கவனத்தையும் உண்மையிலேயே வளர்க்குமா, அல்லது இதுவும் இன்னொரு ரெக்கார்டு நோட்டாகத்தான் முடியுமா? வளர்க்கும் என்றால், இப்போது போய்விட்ட நம்பிக்கையை நான் எப்படித் திரும்பக் கொண்டுவருவது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலியப் பேராசிரியர்

அன்புள்ள டியூட்டர் அவர்களுக்கு, அந்த மாணவி எழுதிய பக்கம்தான் உங்கள் கல்லூரியில் இதுவரை எழுதப்பட்ட ஒரே மீள்சிந்தனை என்று எனக்குத் தோன்றுகிறது. அது தண்டிக்கப்பட்டது, மற்றவர்கள் அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டார்கள். ஆகவே மாணவிகளுக்குச் சிந்திக்கத் தெரியவில்லை என்று எண்ண வேண்டாம். எதை எழுதக் கூடாது என்று அவர்கள் நன்றாகவே சிந்தித்திருக்கிறார்கள்.

கிப்ஸின் ஆறு படிகளை வேதவாக்காகக் கொள்ளத் தேவையில்லை. கிரஹாம் கிப்ஸ் 1988-இல் ஆக்ஸ்ஃபோர்டு பாலிடெக்னிக்கில் இருந்தபோது, உயர்கல்வி ஆசிரியர்கள் அனைவருக்குமாக எழுதிய கையேட்டில் வந்தது அது. செவிலியத்துக்கென்று வகுக்கப்பட்டது அன்று. ஆறு தலைப்புகளைக் கொடுத்தால் மாணவி ஆறு பத்திகளை நிரப்பித் தருவாள். கல்வியாளர் டெர்ரி போர்ட்டன் 1970-இல் முன்வைத்து, பின்னர் ஜான் டிரிஸ்கால் செவிலியத்துக்குக் கொண்டுவந்த மூன்று கேள்விகளே தொடக்க நிலையில் உள்ளவர்களுக்குப் போதும் என்பது என் அனுபவம்: என்ன நடந்தது, அதனால் என்ன தெரிகிறது, இனி என்ன செய்யப்போகிறேன்.

திறனை வளர்க்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கேதான் நாம் பெரும்பாலும் வழி தவறுகிறோம். மீள்சிந்தனை என்றாலே மனவுணர்வுகளைப் பற்றி எழுதுவது என்று மாணவிகள் நினைக்கிறார்கள். கை என்ன செய்தது, கண் எதைப் பார்த்தது என்பதை எழுதுவதே இல்லை. ஒரு முறை என் மாணவி ஒருத்தி, ஒரு மூதாட்டிக்குக் கேன்யூலா (ரத்தநாளத்தில் மருந்து ஏற்றப் போடும் சிறு குழல்) போட இரண்டு முறை முயன்றும் முடியாமல் போனதைப் பற்றி 'எனக்கு வருத்தமாக இருந்தது, அடுத்த முறை கவனமாகச் செய்வேன்' என்று எழுதியிருந்தாள். அவளை அருகில் அமர்த்தி, நரம்பை, அதாவது ரத்தநாளத்தை, கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்தாயா, விரலால் தடவிப் பார்த்தாயா, தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருந்தாயா, ரத்தம் தெரிந்ததா, தெரிந்த பிறகு உன் கை என்ன செய்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ரத்தம் தெரிந்தது என்றாள். தெரிந்த மகிழ்ச்சியில் ஊசியின் சாய்வைக் குறைக்காமல் அதே கோணத்தில் உள்ளே தள்ளியிருக்கிறாள். நரம்பின் மறுபக்கத்தைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டாம் முறை அதற்கு அஞ்சி, ரத்தம் தெரிந்த உடனேயே ஊசியை நிறுத்திவிட்டுக் குழலை நகர்த்தப் பார்த்திருக்கிறாள். ஊசிமுனை குழலின் நுனியைவிடச் சற்று முன்னால் இருப்பதால், குழல் அப்போது நரம்புக்கு வெளியேதான் நின்றிருக்கும். சாய்வைக் குறைத்து, இன்னும் மிகச் சிறிதளவு முன்னே செலுத்தி, அதன் பிறகே குழலை நகர்த்த வேண்டும் என்பதைப் புரொசீஜர் புத்தகத்தில் அவள் படித்திருந்தாள், தேர்விலும் எழுதியிருந்தாள். ஆனால் அந்த வரியின் பொருள் அன்றுதான் அவள் கைக்குப் புரிந்தது. 'கவனமாகச் செய்வேன்' என்ற சொற்களால் அது ஒருநாளும் புரிந்திருக்காது.

தொழில்முறைக் கற்றலை ஆராய்ந்த டொனால்ட் ஷோன் 1983-இல், செயலின்போதே சிந்திப்பது, செயலுக்குப் பின் சிந்திப்பது என இரண்டைப் பிரித்துக் காட்டினார். குறிப்பேடு இரண்டாவதைச் சேர்ந்தது. முதலாவது வர வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டாவதைப் பழக்குகிறோம். செவிலியப் பேராசிரியர் கிறிஸ்டின் டானர் 2006-இல் வெளியிட்ட, செவிலியர் நோயாளியைப் பார்த்து முடிவெடுக்கும் விதத்தை விளக்கும் மாதிரி, கவனித்தல், பொருள்கொள்ளுதல், செயல்படுதல், மீள்சிந்தித்தல் என்று செல்கிறது. கடைசிப் படியில் கிடைப்பது அடுத்த நோயாளியிடம் முதல் படியாகிய கவனித்தலுக்குப் போய்ச் சேர வேண்டும். உங்கள் மாணவி இனி ஒருவரது மார்பைப் பார்க்காமல் மூச்சின் எண்ணிக்கையை எழுத மாட்டாள் என்றால், அதுதான் நாம் தேடும் திறன்.

மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள். எடுக்க இயலாதென்றால், குறித்த நாளில் ஒப்படைத்ததற்கு மட்டும் கொடுங்கள். செய்முறைத் திறனை மதிப்பிட, ஒவ்வொரு செயலையும் செய்யவைத்துப் பார்க்கும் ஓஸ்கி தேர்வு இருக்கிறது. அதே வேலையைக் குறிப்பேட்டுக்கும் கொடுத்தால் இரண்டும் கெடும். வார்டு வேலை முடிந்ததும் மாணவிகளோடு கூடிப் பேசும் போஸ்ட் கான்ஃபரன்ஸில் முதலில் நீங்கள் பேசுங்கள்; மாணவியாக இருந்தபோது நீங்கள் செய்த தவறு ஒன்றை, பெரிதுபடுத்தாமல், நடந்தபடியே சொல்லுங்கள். எழுதுவது அதற்குப் பிறகு வரட்டும்.

பதில் 2: இங்கிலாந்தில் பணிபுரியும் செவிலியர்

நான் தமிழ்நாட்டில் படித்து, இங்கே ஒரு மருத்துவமனையின் முதியோர் வார்டில் பணியாற்றுகிறேன். இங்கே மீள்சிந்தனை படிப்போடு முடிந்துவிடுவதில்லை. 2016 ஏப்ரல் முதல், செவிலியர் கவுன்சிலில் பதிவைப் புதுப்பிக்க, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஐந்து மீள்சிந்தனைக் குறிப்புகளை எழுதி, அவற்றைப் பதிவுபெற்ற மற்றொருவருடன் அமர்ந்து பேச வேண்டும். எழுதுவதில் எந்த நோயாளியையும் அடையாளம் காட்டும் விவரம் இருக்கக் கூடாது. பெயரை நீக்கினால் மட்டும் போதாது; படுக்கை எண், தேதி, அரிதான நோய் ஆகியவையும் ஒருவரைக் காட்டிக்கொடுக்கும். இதை மாணவிகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

நான் எழுதிய முதல் குறிப்பு, மூக்கு வழியாக வயிற்றுக்குச் செலுத்தும் உணவுக் குழாயான ரைல்ஸ் ட்யூப் பற்றியது. குழாயைச் செலுத்திய பின் சிரிஞ்சால் காற்றை உட்செலுத்தி, வயிற்றின்மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒலியைக் கேட்டு உறுதிசெய்வதுதான் நான் கற்றது. நூற்றுக்கணக்கான முறை செய்தது. இங்கே வந்த முதல் மாதத்தில் அப்படிச் செய்யப்போனபோது உடனிருந்த மூத்த செவிலியர் என் கையைத் தடுத்தார். குழாய் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அந்த ஒலி கேட்கக்கூடும் என்பதால், 2005-ஆம் ஆண்டிலேயே இங்கே அந்தச் சோதனையைக் கைவிடுமாறு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியாகியிருக்கிறது. குழாய் வழியே உறிஞ்சிய நீரை, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் சோதித்து, அளவு 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் உணவு செலுத்தலாம். நீர் வரவில்லை என்றாலோ அளவு கூடுதலாக இருந்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கும். அன்று இரவு எழுத உட்கார்ந்தபோது, 'புதிய முறையைக் கற்றுக்கொண்டேன்' என்று ஒரு வரியில் முடித்துவிடத்தான் தோன்றியது. ஆனால் 'இத்தனை ஆண்டுகளில் அந்த ஒலியை நான் ஒருமுறைகூட ஏன் சந்தேகிக்கவில்லை' என்ற கேள்வி என்னை விடவில்லை. அதற்கு விடை தேடிய பிறகு, பழக்கத்தால் செய்துவந்த வேறு சில செயல்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

மூச்சு எண்ணுவதைப் பற்றி ஒன்று. நோயாளியின் நிலை மோசமாவதைப் புள்ளிகளால் முன்கூட்டியே காட்ட இங்கே பயன்படுத்தும் நியூஸ் 2 அட்டவணையில் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு இருந்தால் புள்ளி இல்லை. 25 அல்லது அதற்கு மேல் என்றால் அது ஒன்றுக்கே மூன்று புள்ளிகள், உடனடியாக மருத்துவக் குழு வந்து பார்த்தாக வேண்டும். எண்ணாமல் எழுதிய 20 எதை மறைத்துவிடும் என்று இதைக் காட்டி விளக்கினால் மாணவிகள் மறக்க மாட்டார்கள்.

பதில் 3: வார்டு இன்சார்ஜ், அரசு மருத்துவமனை

பேராசிரியர் அம்மா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேன்யூலா போட முடியாமல் போவதும், எண்ணாமல் 20 என்று எழுதுவதும் ஒன்றல்ல. முன்னது பழகாத கையின் குறை. பின்னது கேஸ் ஷீட்டில் பொய்யான பதிவு. அதைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தைத் தீர்மானிக்கிறார். மாணவி அன்று மாலை குறிப்பேட்டில் எழுதிவிட்டாள், மனம் லேசாகிவிட்டது. ஆனால் கேஸ் ஷீட்டில் அந்த 20 அப்படியே இருக்கிறது, இரவு டியூட்டிக்கு வந்த சிஸ்டரும் அதை நம்பித்தான் இருந்திருப்பார். அந்தப் பெரியவரின் நிலையில் இருந்து பார்த்தால், குறிப்பேட்டில் இருக்கும் உண்மையால் அவருக்கு என்ன பயன்?

ஆகவே மாணவிகளிடம் நான் சொல்வது இதுதான். நோயாளியைப் பாதிக்கக்கூடிய எதையும் அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் என்னிடம் நேரில் சொல்லிவிட வேண்டும். இருவரும் போய் மறுபடி எண்ணி, சரியானதை நேரத்துடன் பதிவு செய்வோம். சொன்னவளை நான் திட்டமாட்டேன், இதுவரை திட்டியதும் இல்லை. மறைத்தது பின்னர் தெரியவந்தால் கட்டாயம் பேசுவேன். குறிப்பேடு அதற்கு அடுத்தபடிதான்.

ஒரே நேரத்தில் மூன்று கல்லூரி மாணவிகள் வார்டில் நிற்கும்போது ஒவ்வொருத்தியிடமும் பேச எங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. அடுத்த ஷிஃப்டுக்குப் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவருக்கு முன் பத்து நிமிடம் டியூட்டரும் உடன் இருந்தால், அந்த இடத்திலேயே பேசி முடிக்கலாம்.

பதில் 4: நான்காம் ஆண்டு மாணவி

மேடம், மாணவிகளின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல அனுமதி வேண்டும். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். எங்கள் கல்லூரியில் ஜர்னலை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். வார்டில் நடந்தது மனத்தில் தமிழில்தான் இருக்கிறது. அதை ஆங்கிலமாக்கும்போது எனக்குத் தெரிந்த ஐந்தாறு வாக்கியங்களுக்குள் அடக்க வேண்டியிருக்கிறது. சீனியர் அக்காக்களின் நோட்டில் இருக்கும் வாக்கியங்களும் அவையே என்பதால் எல்லாருடையதும் ஒரேபோல ஆகிவிடுகிறது. ஒருமுறை எங்கள் மேடம் தமிழிலேயே எழுதச் சொன்னார்கள். இறந்துபோன ஒரு பாட்டியின் உடலைத் தயார்செய்தபோது அவருடைய மகளிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் ஸ்கிரீனுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டதை அன்று நான்கு பக்கம் எழுதினேன். மேடம் மறுநாள் என்னோடு வந்து, அப்படிப்பட்ட நேரத்தில் எங்கே நிற்பது, எதைச் சொல்லாமல் இருப்பது என்று சொல்லித்தந்தார்கள்.

இன்னொன்று, விடுதிக்குப் போய் இரவு எழுதும்போது பாதி மறந்துவிடுகிறது. வார்டிலேயே ஒரு சிறு தாளில் இரண்டு வரி குறித்துக்கொள்ள அனுமதித்தால் உதவியாக இருக்கும்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் சொன்னது என்னைச் சுட்டது, ஏனென்றால் அன்று நானும் அந்தப் பெரியவரை நினைக்கவில்லை. குறிப்பேட்டைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஷிஃப்ட் முடிவதற்குள் நேரில் சொல்வது என்ற முறையை அடுத்த போஸ்டிங்கிலிருந்து கொண்டுவருகிறேன். ஹேண்ட் ஓவருக்கு முந்தைய பத்து நிமிடத்துக்கு நானே வார்டில் இருப்பேன். தமிழில் எழுதுவதற்கு முதல்வரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். மதிப்பெண்ணை நீக்குவது என் கையில் இல்லை. ஒப்படைத்தாலே முழு மதிப்பெண் என்று மாற்றலாம் என்று துறைத்தலைவர் சொல்லியிருக்கிறார்.

பேராசிரியர் அம்மா, நான் முதலில் சொல்ல வேண்டிய தவறு நான் மாணவியாக இருந்த காலத்தைச் சேர்ந்தது அல்ல. அவளை வகுப்பில் கடிந்துகொண்டது தெரியவந்த அன்று நான் அவளை அழைத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மூத்தவர் செய்ததில் தலையிடுவானேன் என்று இருந்துவிட்டேன். அவள் இப்போது ஐந்தாம் செமஸ்டர், கிராமத்தில் கம்யூனிட்டி போஸ்டிங்கில் இருக்கிறாள். திங்கட்கிழமை கல்லூரிக்குத் திரும்புகிறாள். மற்ற மாணவிகளிடம் பேசுவதற்கு முன் அவளிடம் பேசுகிறேன்.