நடை மிதக்கிறது, தாளத்தை வைத்துச் சரிசெய்யலாமா?

பாளை பென்சில்:
பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில், கிரீஸ் பென்சில் என்ற வரையும் கருவியை வைத்து, கோயில் கொடையில் கரகம் ஆடிவரும் ஒரு அம்மாவை வரைகிறேன். படங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் நன்றாக இருக்கிறது, ஓடவிட்டால் கால் தரையில் பதியாமல் மிதக்கிறது. பின்னணிக்கு நையாண்டி மேளம்தான். தாளத்தை முதலில் பிடித்துக்கொண்டு, அதன்படி ஃபிரேம் பிரித்தால் சரிவருமா?

அம்பை மிருதங்கம்:
சரிவரும் தம்பி, நான் அப்படித்தான் செய்கிறேன். 1920-களின் கடைசியில் கார்ட்டூனுக்குச் சத்தம் வந்தபோதே மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால், நிமிடத்துக்கு 1440, அதைப் பாட்டின் பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகம்) வகு, ஓர் அடிக்கு எத்தனை ஃபிரேம் என்று வந்துவிடும். 120 என்றால் 12. தகதிமி என்று பிரித்தால் மும்மூன்று ஃபிரேம், தகிட என்றால் நந்நான்கு. ஐந்து சொல் வரும் தகதகிடவுக்கு 12 ஒத்துவராது, வேகத்தை 144 ஆக்கினால் அடிக்கு 10, சொல்லுக்கு இரண்டு, இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் வரைகிறவர்களுக்கு அது அப்படியே பொருந்தும். புராஜெக்ட் 25 ஃபிரேமில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள், 120-க்கு 12.5 ஆகி, ஒன்றுவிட்டு ஒரு அடி இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் போய் விழும்.

கடையம்:
கணக்கு சரி, ஆனால் அதோடு நிறுத்தினால் நடை விறைப்பாகத்தான் வரும். அடி எங்கே விழும் என்பதைத்தான் தாளம் சொல்லும், அதற்கு முன்னும் பின்னும் உடம்பு என்ன செய்கிறது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். வில்லுப்பாட்டில் வீசுகோலைக் கவனியுங்கள். கை மேலே போகிறது, உச்சியில் கொஞ்சம் தங்குகிறது, சட்டென்று இறங்கி நாணில் படுகிறது. ஏற 6 ஃபிரேம், தங்க 4, இறங்க 2, மொத்தம் அதே 12-தான், ஆனால் வேகமாக இறங்குகிற அந்த 2 ஃபிரேமில்தான் அடியே இருக்கிறது. கரகத்துக்கு, பாதம் பதிந்து இரண்டு மூன்று ஃபிரேம் கழித்து முழங்கால் மடங்கி இடுப்பு இறங்கணும், தலையும் குடமும் ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் போகணும். பாரம் அங்கேதான் தெரியும். அப்புறம், பாதம் பதிவதைச் சத்தத்துக்கு ஓரிரு ஃபிரேம் முன்னால் வைத்துப் பாருங்கள், ஒரே ஃபிரேமில் வைத்தால் பல நேரம் பிந்தியது போலத் தெரியும்.

பாளை பென்சில்:
அண்ணாச்சி, முழங்கால் மடக்கைச் சேர்த்ததும் கால் தரையைப் பிடித்துவிட்டது, ரொம்ப நன்றி! தவிலும் பம்பையும் சேரும் இடத்தில் வேகம் ஏறிக்கொண்டே போகிறதே, அங்கே எப்படி வகுப்பது?

அம்பை மிருதங்கம்:
அங்கே வகுக்காதே. பாட்டை ஓடவிட்டு, டைம்லைன் மேல் மவுஸை வைத்து, அடி விழும்போதெல்லாம் எம் கீயைத் தட்டு, மார்க்கர் விழும். மார்க்கருக்கு மார்க்கர் பாதத்தை வை, இடைவெளி குறையும்போது தங்கும் ஃபிரேம்களைக் குறை, இறக்கத்தில் மட்டும் கை வைக்காதே.